எத்தனை பேர் போட்டாங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2025 நவம்பர் 7ஆம் திகதி வெள்ளிக்கிழமை வரவு செலவுத் திட்டம் வாசித்தார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும், அதற்கு மேல் வரவு ஊக்குவிப்பாக அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா கொடுக்கும், மொத்தம் 1,750 என்று ஜனாதிபதி சொன்னார். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதுதான் பேச்சு. நான் கணக்குப் படிப்பிக்கிறவன். வாய் சும்மா இருக்குமா? "1,750ஐ 25ஆல் பெருக்குங்க. மாதம் 43,750. இனி அந்தச் சனத்துக்கு நல்ல காலம்தான்" என்று தேநீர்க் கோப்பையும் கையுமாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு தாய் வீட்டுக்கு வந்தார். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். அவர் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை. நான் இங்கே பதிவு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன், அவர் விடிந்ததும் அதே மலைக்குத்தான் போக வேண்டும்.

மழை. தலையில் போட்ட சாக்கைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்தா. குடித்து முடித்த பிறகு மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் சம்பளத் துண்டு.

"சேர், மகன் ஃபோன்ல சொன்னான், கணக்கு சேர்கிட்ட காட்டுன்னு. 1,350ன்னு சொல்றாங்க. நான் போன மாசம் 22 நாள் மலைக்குப் போனேன். எனக்கு இது கணக்கு வரல."

பார்த்தேன். 22 நாள் போயிருக்கிறார். அதில் 13 நாள் முழுப் பேர். 9 நாள் அரைப் பேர். தோட்டத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு நாள் பதிந்தால் அது ஒரு பேர். குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

13ஐ 1,350ஆல் பெருக்கினால் 17,550. 9ஐ 675ஆல் பெருக்கினால் 6,075. மொத்தம் 23,625. கழிவுகள் அதற்குப் பிறகு. 22 நாளும் முழுப் பேர் விழுந்திருந்தால் 29,700. அதாவது அவர் மலையில் நின்ற நான்கரை நாளுக்குச் சம்பளம் இல்லை.

"ஏன் தங்கச்சி அரைப் பேர்?"

"18 கிலோ வேணும் சேர். மழை நாள்ல 16, 17தான் வருது. அதுலயும் தண்ணி இருக்கு, சாக்கு இருக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்க. இந்த மலைல கொழுந்தே இல்ல. புல்லு என் இடுப்பு வரைக்கும் நிக்குது. அத வெட்டிப் போடவும் ஆள் விடல. இல்லாத கொழுந்த நான் எங்க போய் பறிக்கிறது?"

"தோட்டத் தலைவரிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன் சேர். எல்லாருக்கும்தானே அப்படின்னாரு."

எனக்கு ஆசிரியர் அறையில் சொன்ன 43,750 ஞாபகம் வந்தது. பெருக்கியது சரி. ஆனால் அந்த 25ஐ எனக்கு யார் தந்தது? கணக்கில் ஓர் இலக்கத்தை நானே போட்டுக்கொண்டு விடை சரி என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் இப்படிச் செய்தால் சிவப்புப் பேனையால் கோடு போடுவேன்.

அன்றிரவு வாப்பாவை நினைத்தேன். பதுளை பஜாரில் வாப்பாவுக்குச் சின்னதாக ஒரு புடவைக் கடை இருந்தது. தோட்டத்துச் சனம்தான் அதிகம் வரும். தீபாவளிக்கு, பிள்ளைக்குச் சடங்கு சுற்ற, பள்ளிக்கூடம் தொடங்கும்போது சீருடைக்கு. எல்லாம் கொப்பியில் எழுதி, 10ஆம் திகதி சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார்கள். 10ஆம் திகதி பின்னேரம் கடையில் இருக்க எனக்கு விருப்பம். மிச்சச் சில்லறை எண்ணிக் கொடுப்பது என் வேலை.

வாப்பா ஒரு நாளும் அவர்களிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டதில்லை. "இந்த மாசம் எத்தனை பேர் போட்டாங்க?" என்றுதான் கேட்பார். "பதினாறுதான் நானா" என்று சொன்னால் கொப்பியை மெல்ல மூடி வைத்துவிட்டு, "சரி, அடுத்த மாசம் பார்ப்போம்" என்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனுசர். ரேட் என்பது அரசாங்கம் சொல்லும் கதை, பேர் என்பது கையில் வரும் காசு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டமும் டிப்ளோமாவும் வைத்திருக்கும் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் தோட்டச் சம்பளத்துக்குச் சட்டம் வந்து கிட்டத்தட்ட நூறு வருடம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம்தான் இந்தியத் தொழிலாளருக்கு ஆகக் குறைந்த கூலி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் அது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் ரேட் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிறகு 1941இல் சம்பள நிர்ணய சபைச் சட்டம் வந்தது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். ஆனால் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட் சம்பளம் என்று ஆகியது 1984இல்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனையோ பேரின் போராட்டம் இருக்கிறது. நம் பதுளைக்குப் பக்கத்தில் வெவஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நடந்த வேலை நிறுத்தத்தைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதன் பிறகு சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் பேசித் தீர்க்கப்பட்டது. 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மூர்ப் பிள்ளைகளும் போனார்கள். 2019 ஜனவரியில் ஒப்பந்தம் வந்தபோது அடிப்படைச் சம்பளம் 700தான். கடைசியில் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபை வழியாக, 2021 மார்ச் 5ஆம் திகதி வர்த்தமானியில் 1,000 வந்தது. அடிப்படை 900, வரவு செலவுத் திட்டப் படி 100.

கம்பனிகள் நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, சம்பளம் கொடுக்க வேண்டி வந்தது. கூட்டு ஒப்பந்தம் அதோடு இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் பல தோட்டங்களிலிருந்து ஒரே மாதிரியான முறைப்பாடு வரத் தொடங்கியது. கிலோ கூட்டிவிட்டார்கள், பறிக்காவிட்டால் அரைப் பேர், கிழமைக்கு இத்தனை நாள்தான் வேலை. 1,000 ரூபா என்ற இலக்கத்தை யாரும் தொடவில்லை. 'ஒரு நாள்' என்பதைத்தான் மாற்றினார்கள்.

2024 கதை நேற்று நடந்தது போல இருக்கிறது. மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி 1,700 என்று அறிவித்தார். அடிப்படை 1,350, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 350. வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு பழைய வர்த்தமானியை வாபஸ் பெற்று, சம்பள நிர்ணய சபையில் மறுபடி பேசி, செப்டெம்பரில் 1,350 என்று புதிய வர்த்தமானி வந்தது. 350 போன இடம் தெரியவில்லை. அந்தத் தாயின் துண்டில் இருப்பது அந்த 1,350தான்.

கம்பனிகளின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் அடிக்கடி சொல்வார்: "சேர், தேயிலைக்கு விலை போடுறது தோட்டமில்ல, கொழும்பு ஏலம். உரம், எண்ணெய், கரண்டு எல்லாம் ஏறுது. செலவுல பெரிய பங்கு சம்பளம். கொழுந்து வராம சம்பளம் மட்டும் ஏறுனா தோட்டம் எப்படி நிக்கும்?" நியாயமான கேள்வி. கம்பனிகள் கேட்பதும் அதுதான்: நாளுக்கு அல்ல, பறிப்பதற்குச் சம்பளம்.

சரி. ஆனால் கொழுந்து குறைவதற்கு யார் காரணம்? செடி வயதாகிவிட்டது, மீள்நடுகை இல்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், அந்த அடியின் வலி செடியில் எவ்வளவு காலம் இருந்தது என்று தோட்டத்தில் கேட்டால் சொல்வார்கள். புல்லு வெட்ட ஆள் விடவில்லை. மழை பெய்கிறது. இதில் ஒன்றாவது கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையில் இருக்கிறதா? ஏல விலை இறங்கினால் கம்பனிக்கு நட்டம் என்பது உண்மைதான். ஆனால் மழை பெய்தால், புல் வளர்ந்தால், அந்த நட்டத்தை ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே அரையாக எழுதுவது என்ன கணக்கு? அவர் காலையில் பிரட்டுக்கு வந்து, வேலை முடியும்வரை மலையில் நின்றிருக்கிறார். அட்டை கடித்த காலோடு நின்றிருக்கிறார். அந்த நேரம் எங்கே போனது?

இதோடு முடிந்திருந்தால் பதிவு இவ்வளவு நீண்டிருக்காது. தாய் போன பிறகு மகனுக்கு ஃபோன் எடுத்தேன்.

அவன் என் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரன். உயர்தரம் எழுதினான், கெம்பஸுக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. "என்ன வந்தாலும் மலைக்குப் போக மாட்டேன் சேர்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனான். முதலில் புடவைக் கடை, பிறகு ஹோட்டல். இப்போது லீசிங்கில் ஓர் ஆட்டோ எடுத்து ஆப்பில் ஓடுகிறான். எந்த ஆப் என்பது இங்கே முக்கியமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள், என் மச்சானின் மகன் உட்பட, எத்தனையோ பேர் அங்கே அப்படித்தான் ஓடுகிறார்கள். ஆகவே இதை "அவங்கட பிரச்சினை" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"நேற்று எப்படி?" என்று கேட்டேன். கணக்குக் கெட்டிக்காரன் அல்லவா, எல்லாம் வரிசையாகச் சொன்னான். காலை 6 மணிக்கு ஆப்பைப் போட்டது, இரவு 9 மணிக்கு நிறுத்தியது. 15 மணித்தியாலம். 13 ஹயர். வந்தது 6,200 ரூபா. ஆப்புக்குப் போனது 900. பெற்றோல் 1,500. லீசிங்குக்கு ஒரு நாள் பங்கு 1,300. டயர், சேர்விஸ் என்று ஒதுக்குவது 400. மிச்சம் 2,100.

அதை 15ஆல் பிரித்தேன். மணித்தியாலத்துக்கு 140 ரூபா.

2025 ஏப்ரலிலிருந்து நாட்டின் தேசிய ஆகக் குறைந்த நாட் சம்பளம் 1,080 ரூபாவாக இருந்தது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 135. அம்மாவின் முழுப் பேர் 1,350ஐ எட்டால் பிரித்தால் கிட்டத்தட்ட 169. அதாவது, மலையே வேண்டாம் என்று போன பிள்ளை, சொந்தத்தில் வண்டி ஓட்டுகிற பிள்ளை, மலையில் முழுப் பேர் போடும் தன் தாயை விட மணித்தியாலத்துக்குக் குறைவாக உழைக்கிறான். அவனுக்கு சேமலாப நிதியும் இல்லை. காய்ச்சல் வந்தால் லீவும் இல்லை.

"அந்த 15 மணித்தியாலத்தில் ஆள் ஏறி இருந்தது எவ்வளவு நேரம்?"

"ஏழு மணித்தியாலம்கூட வராது சேர். மிச்சம் ஹயர் வரும்வரைக்கும் ரோட்டோரத்துல நிக்கிறது, ஆளை ஏத்தப் போறது. அதுக்குக் காசு இல்ல."

பிறகு ஒன்று சொன்னான். அன்றிலிருந்து அது என் காதில் நிற்கிறது.

"சேர், அம்மாவுக்காவது ஒரு கங்காணி இருக்காரு. கேட்டா ஏசவாவது செய்வாரு. எனக்கு யாருகிட்ட கேக்குறது? எனக்கு அரைப் பேர் போடவும் ஆளில்ல."

யோசித்துப் பாருங்கள். தேயிலைக்குச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. அங்கே கம்பனிப் பிரதிநிதி, தொழிலாளர் பிரதிநிதி, தொழில் ஆணையாளர் இருக்கிறார்கள். சண்டை பிடிக்க ஒரு மேசையாவது இருக்கிறது. ஆப்பில் ஓடுகிறவனுக்கு அப்படி ஒரு சபை நம் நாட்டில் இல்லை. ஏனென்றால் அவன் தொழிலாளியே இல்லையாம், சுயதொழில் செய்கிறவனாம்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் தேடி வாசித்தேன். நியூயோர்க் நகரில் 2018 டிசம்பரில் ஆப் சாரதிகளுக்கு ஆகக் குறைந்த வருமானம் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். செலவு போக மணித்தியாலத்துக்கு 17.22 டொலர். அதை அமைத்தவர்கள் புத்திசாலிகள். ஆள் இல்லாமல் காத்திருக்கும் நேரத்தையும் சூத்திரத்துக்குள் போட்டார்கள். லிஃப்ட் கம்பனி வழக்குப் போட்டது, வெல்லவில்லை. பிறகு என்ன நடந்தது தெரியுமா? 2019இலேயே லிஃப்டும் ஊபரும் ஹயர் குறைவான நேரங்களில் சாரதிகளை ஆப்புக்குள் வரவிடாமல் பூட்டத் தொடங்கின. உள்ளே வந்தால்தானே காத்திருக்கும் நேரம் கணக்கில் வரும்? கதவை மூடிவிட்டால் அது கணக்கில் இல்லை.

பிரித்தானியாவில் 2021 பெப்ரவரி 19ஆம் திகதி அந்நாட்டின் உயர் நீதிமன்றம், ஊபர் சாரதிகள் தொழிலாளர்களே, ஆப்பைப் போட்டு ஹயருக்குத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரமே என்று தீர்ப்புக் கொடுத்தது. அடுத்த மாதம் ஊபர் ஆகக் குறைந்த சம்பளம் தருவதாக அறிவித்தது. எந்த நேரத்துக்கு? ஹயரை ஏற்றுக்கொண்டதிலிருந்து ஆளை இறக்கும் வரைக்கும். ரோட்டோரத்தில் நிற்கும் நேரம் அதற்குள் இல்லை.

இதை வாசித்தபோது எனக்கு நியூயோர்க்கும் லண்டனும் தூரமாகத் தெரியவில்லை. இங்கே கிழமைக்கு இத்தனை நாள்தான் வேலை என்று பிரட்டில் திருப்பி அனுப்புவதும், அங்கே ஆப்பைப் பூட்டுவதும் ஒன்றுதான். இங்கே 16 கிலோவுக்கு அரைப் பேர் போடுவதும், அங்கே காத்திருக்கும் நேரத்தைத் தள்ளிவிடுவதும் ஒன்றுதான். சம்பளத்தைச் சட்டம் தீர்மானிக்கும்போது, நாளையும் நேரத்தையும் அளக்கும் கோல் கம்பனியின் கையிலேயே இருந்தால், மேலே கூட்டியதைக் கீழே குறைத்துக்கொள்ளலாம். வர்த்தமானியில் இலக்கம் அப்படியே இருக்கும். கடைக் கொப்பியில் கடனும் அப்படியே இருக்கும்.

என் கதையையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் வகுப்புகளை நிறுத்திப் போராடினோம். மூன்று மாதத்துக்கு மேல். எங்கள் கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதங்களிலும் என் வங்கிக் கணக்குக்குச் சம்பளம் வந்தது. என்னுடைய நாளை யாரும் தராசில் வைப்பதில்லை. மழை பெய்து பிள்ளைகள் பாதிப் பேர் வராத நாளிலும் எனக்கு முழுப் பேர்தான். பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்காவிட்டால் எனக்கு அரைப் பேர் போட்டால் எப்படி இருக்கும் என்று அன்றிரவு யோசித்தேன். அந்த அளவுகோலால் அளந்தால் நம் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் மாதக் கடைசியில் கடன் இல்லாமல் இருப்போம்? கூலியைப் பற்றி ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, 1,750 வந்துவிட்டதே இன்னும் என்ன வேண்டும் என்றும் நாமே சொல்கிறோம்.

ஆகவே ஜனவரி வருவதற்குள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். சங்கத் தலைவர்மார், பிரதேச சபை உறுப்பினர்கள், நம் ஊர் எம்.பி.மாரின் ஆட்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும்.

அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபா வரவுக்கான காசு. அரைப் பேர் விழுந்த நாள் வரவா, இல்லையா? மலையில் நின்றவர் வந்தவர்தானே. அதை எழுத்தில் வாங்கித் தாருங்கள்.

ஒவ்வொரு தோட்டத்திலும் கிலோ இலக்கு எத்தனை, மழைக் காலத்தில் எத்தனை, தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிப்பது எத்தனை? இதை யார் தீர்மானித்தார்கள்? தமிழில் எழுதி மடுவத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தராசின் முள்ளைக் கொழுந்து கொண்டு வந்தவரும் பார்க்கும்படி வையுங்கள்.

மாதத்துக்கு ஆகக் குறைந்தது எத்தனை நாள் வேலை? இந்த ஓர் இலக்கம் இல்லாமல் 1,750 என்ற இலக்கத்தை எதனால் பெருக்குவது?

ஆப்பில் ஓடும் பிள்ளைகளுக்கும் ஒரு சபை வேண்டும். இன்றைக்கு அதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1927க்கு முந்தி தோட்டத்தில் கூலிக்குச் சட்டம் கேட்டவரைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள்.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 10ஆம் திகதி தோட்டத்துச் சனம் கடைக்கு வரும்போது, "1,350 வருதே, ஏன் கடன் கட்டல?" என்று கேட்காதீர்கள். என் வாப்பா கேட்டது போல, எத்தனை பேர் போட்டாங்க என்று கேளுங்கள். அப்போது யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் விளங்கும்.

அந்தத் தாய் போகும்போது ஒரு சீஆர் கொப்பி கொடுத்தேன். கோடு போட்டுக் கொடுத்தேன்: திகதி, மலைக்குப் போன நேரம், இறங்கிய நேரம், தராசில் காட்டிய கிலோ, கழித்த கிலோ, முழுப் பேரா அரைப் பேரா. "எனக்கு எழுத வராதே சேர்" என்றார். எட்டாம் வகுப்புப் படிக்கும் சின்ன மகள் இருக்கிறாள். அவள் எழுதட்டும் என்றேன்.

"இத வச்சு என்ன சேர் செய்யிறது?"

"முதலில் எழுதுங்க. ஒரு மாதம் எழுதிவிட்டு வாங்க. துண்டையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகு தலைவரிடம் நானும் வருகிறேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். அரசாங்க உத்தியோகத்தன், ஊர் விசயத்தில் தலைபோட்டால் கதை வரும். ஆனால் இங்கே எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

நேற்று சின்ன மகள் தமக்கையின் ஃபோனிலிருந்து கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கோணல் இல்லாத நல்ல எழுத்து. வியாழன்: காட்டியது 17, கழித்தது 2, அரைப் பேர். வெள்ளி: காட்டியது 21, கழித்தது 2, முழுப் பேர். சனி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. 'வேலை இல்லை என்று பிரட்டில் திருப்பி அனுப்பினார்கள்' என்று எழுதியிருக்கிறாள்.

டிசம்பர் 10ஆம் திகதி துண்டு வந்ததும் மிச்சத்தை எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.